புட்டிக்கு மட்டும் விலக்கு

துப்பாக்கிச் சட்டமும் மதுப் பழக்கமும் சந்திக்கும் இடத்தை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் அமெரிக்க மாணவருக்கு மூன்று பக்கத்திலிருந்தும் புத்திமதி வரும். சட்டம் படித்தவர்கள், "ஆயுத உரிமை தரும் இரண்டாவது திருத்தம் அரசியல் சாசன விவகாரம், உன் புள்ளிவிவரத்தை நீதிமன்றம் சீந்தாது" என்பார்கள். பொதுச் சுகாதாரம் படித்தவர்கள், "பேராசிரியர்களே கைவைக்கத் தயங்குகிற இடம், பட்டம் வாங்கும்வரை பத்திரமான தலைப்பாகப் பார்" என்பார்கள். இரண்டும் படிக்காத பெரும்பான்மை ஒரே வரியில் முடித்துவிடும்: சுடுகிறவன் பைத்தியக்காரன், இதில் குடி எங்கே வந்தது? இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பொதுக்கருத்தாகவே இறுகிவிட்டன. மாணவர் எழுதும் ஆய்வேடு மதிப்பெண்ணுக்கான பயிற்சி, அதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை என்பதே அதன் சாரம்.

இது கொஞ்சநஞ்சத் தவறல்ல, தலைகீழான தவறு. மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை என்ன? சட்டப் பிரிவுகளை மாநிலவாரியாக எடுத்து அடுக்குவார்கள், பழைய சட்டத் தொகுதிகளைத் தேடிப் படிப்பார்கள், ஒரு பதிவேட்டை இன்னொரு பதிவேட்டோடு பொருத்திப் பார்ப்பார்கள். துப்பாக்கியும் மதுவும் சேரும் இந்த மூலையில் விடையைத் தீர்மானிப்பதே அந்த வேலைதான். அதை அற்பம் என்பவர்கள் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைக் கவனிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிற எவரும் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். தீவிரக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றில் ஒன்று போதைப்பொருள் பற்றியது: கஞ்சாவையோ வேறு கட்டுப்படுத்தப்பட்ட பொருளையோ சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறவரா, அதற்கு அடிமையானவரா? உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அது குற்றமே என்று தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மது பற்றிப் படிவத்தில் ஒரு கேள்விகூடக் கிடையாது. தினமும் ஒரு முழுப் புட்டி விஸ்கி குடிப்பவர் அந்தப் பக்கத்தை உண்மை மாறாமல் நிரப்பிவிட்டுத் துப்பாக்கியோடு வெளியே வரலாம். அந்தப் படிவத்தை வெளியிடும் அமைப்பின் பெயரையும் சொல்லிவிட வேண்டும்: மது, புகையிலை, துப்பாக்கி மற்றும் வெடிபொருள் பணியகம். பெயரின் முதல் சொல்லே மதுதான்!

இது யாரோ மறந்துபோய் விட்ட ஓட்டையல்ல. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போதைப்பொருள் பயன்படுத்துவோரை விலக்கி வைத்தது. 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம், எது கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்று வரையறுக்கும்போது சாராய வகைகள், ஒயின், பீர் போன்ற பானங்கள், புகையிலை ஆகியவை சேராது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தது. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விளைவு புரிந்துவிடும். கஞ்சா புகைப்பவர் துப்பாக்கி வைத்திருந்தால் கூட்டாட்சிக் குற்றவாளி. குடிநோயாளி வைத்திருந்தால் குடிமகன்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. ஹன்டர் பைடன் 2018 அக்டோபரில் டெலவேரில் ஒரு கோல்ட் ரிவால்வர் வாங்கினார். அப்போது அந்தப் போதைப்பொருள் கேள்விக்கு 'இல்லை' என்று பதிலளித்தார். கொக்கைன் பழக்கம் இருந்ததை மறைத்தார் என்று 2024 ஜூனில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. டிசம்பரில் அதிபராக இருந்த தந்தை மன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசியது. யாரும் பேசாதது ஒன்று உண்டு. தனக்கு மதுப் பழக்கமும் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று அவர் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். அவருக்கு இருந்தது மதுப் பழக்கம் மட்டும் என்றால் இந்த வழக்கே இல்லை. அதே மனிதர், அதே துப்பாக்கி, தன்னிலை மறந்த அதே வாழ்க்கை, ஆனால் வழக்கு இருந்திருக்காது.

இனி 'சுடுகிறவன் பைத்தியக்காரன்' என்ற வாதம். ஒவ்வொரு பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகும் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இதைச் சொல்லும், மறுநாள் நம் நாளிதழ்களும் அதை அப்படியே எடுத்துப் போடும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டியவர். கடுமையான மனநோய் முழுவதையும் ஒரே நாளில் குணப்படுத்திவிட்டாலும் அமெரிக்காவின் வன்முறையில் குறையப் போவது ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்பது அவர் கணக்கு. மீதி 96 எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? 2023-இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பள்ளிக்கூட வாசலில் கேமராக்கள் குவியும் சம்பவங்கள் இந்தக் கடலில் ஒரு துளி. பெரும்பாலான சாவுகள் ஊர் பேசாத வீட்டு அறைகளில், கோபத்திலோ விரக்தியிலோ நடப்பவை. அந்த நேரங்களில் மேசைமேல் என்ன இருந்தது என்பது அற்பக் கேள்வி அல்ல.

மருத்துவர் கேரன் வின்டெமியூட் 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. சராசரியாக ஒரு மாதத்தில் 89 லட்சம் முதல் 1 கோடியே 17 லட்சம் வரையிலான துப்பாக்கி உரிமையாளர்கள் அளவுமீறிக் குடிக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. ஆண்களைப் பொறுத்தவரை, குடி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சாவுகளின் எண்ணிக்கை, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் வரும் சாவுகளுக்குச் சமம் என்றும் சொன்னது. ஒரே அளவான இரண்டு சாவுக் குவியல்கள். சாலைச் சாவுகளுக்கு மூச்சுச் சோதனைக் கருவி உண்டு, இரத்தத்தில் எவ்வளவு என்ற வரம்பு உண்டு, உரிமம் பறிப்பது உண்டு, சாலையோர விளம்பரம் உண்டு. துப்பாக்கிச் சாவுகளுக்கோ கடைப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

கொஞ்சம் நிதானமான எதிராளி வேறு வகையில் மறுப்பார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் பொறுப்பற்றவன், சரி. அதனாலேயே அவன் வன்முறையாளன் ஆகிவிடுவானா? கலிபோர்னியாவின் ஆளுநர் ஜெரி பிரௌன் 2013-இல் இதைத்தான் கேட்டார். குடி, போதை தொடர்பான குற்றங்களில் மீண்டும் மீண்டும் தண்டனை பெற்றவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் மசோதா ஒன்றைச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியது. தீவிரக் குற்றமும் அல்லாத, வன்முறையும் அல்லாத, துப்பாக்கியே சம்பந்தப்படாத குற்றத்துக்காக ஆயுத உரிமையைப் பறிப்பது அவசியம் என்று தனக்குத் தோன்றவில்லை என்று எழுதி அவர் அதைத் திருப்பியனுப்பினார். நேர்மையான கேள்வி அது. பதில் இல்லாத கேள்வி அல்ல.

பதிலைத் தேடியவர்கள் அதே மாநிலத்தில் இருந்தார்கள். டேவிஸ் நகரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அவசர சிகிச்சை மருத்துவரான அதே கேரன் வின்டெமியூட்டும் அவர் குழுவும், 1977-இல் முறைப்படி கைத்துப்பாக்கி வாங்கிய நான்காயிரத்துச் சொச்சம் பேரை எடுத்துக்கொண்டு அவர்களின் பிற்காலக் குற்றப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். வாங்குவதற்கு முன்பே குடி தொடர்பான தண்டனை இருந்தவர்கள், பின்னாளில் வன்முறைக்கோ துப்பாக்கிக் குற்றத்துக்கோ கைதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கைந்து மடங்கு. 2018-இல் இது அச்சானது. பழைய காலத்துக் கதை என்று ஒதுக்கலாம் என்றால், ரோஸ் ககாவா தலைமையில் 2020-இல் இன்னொன்று வந்தது. 2001-இல் கைத்துப்பாக்கி வாங்கிய 79,678 பேரை 2013 வரை தொடர்ந்த ஆய்வு அது. குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றிருந்தவர்கள் கொலை, கொள்ளை, கொடுந்தாக்குதல் போன்ற குற்றங்களுக்காகக் கைதாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆளுநர் கேட்டது வன்முறை அல்லாத குற்றம் எப்படி வன்முறைக்கு அறிகுறியாகும் என்று. இந்த எண்கள் அதற்கான பதில்.

இரண்டு விஷயங்கள் ஒன்றாக வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். உண்மைதான். ஆனால் இங்கே சட்டம் காரணத்தைக் கேட்கவில்லை, அடையாளத்தைத்தான் கேட்கிறது. காசோலை மோசடியில் தண்டனை பெற்றவருக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியை மறுக்கிறது, அது தீவிரக் குற்றமாகப் பதிவாகியிருந்தால். காசோலை மோசடி கொலைக்குக் காரணம் என்று எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் நிரூபிக்கவில்லை. மோசடிக்காரனிடம் கேட்காத நிரூபணத்தைக் குடிகாரன் விஷயத்தில் மட்டும் கேட்பது அறிவியல் எச்சரிக்கை அல்ல. அது சலுகை.

மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் ஏன் கலிபோர்னியாவிலிருந்தே வந்தன? யார் எந்தக் கைத்துப்பாக்கியை எப்போது வாங்கினார் என்ற பதிவை அந்த மாநிலம் வைத்திருப்பதால்தான். கூட்டாட்சி மட்டத்தில், பின்னணிச் சோதனையில் தேறி வாங்கியவரின் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். கன்சஸ் உறுப்பினர் டாட் டியார்ட்டின் பெயரில் நிதி மசோதாக்களோடு ஒட்டி வந்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. தரவை அழித்துவிட்டு, "தரவு எங்கே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் மாணவர் வாயடைத்துப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

பொதுச் சுகாதாரக்காரர்களின் 'பெரியவர்களிடம் விட்டுவிடு' என்ற புத்திமதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1993-இல் ஆர்தர் கெல்லர்மனின் ஆய்வு, வீட்டில் துப்பாக்கி இருப்பதோடு அந்த வீட்டில் கொலை நடக்கும் ஆபத்தும் கூடுகிறது என்று காட்டியது. அதற்குப் பணம் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டு மையம். துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியச் சங்கத்துக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. 1996-இல் அர்கன்சஸ் உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரில் ஒரு திருத்தம் வந்தது: துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ முன்னெடுக்கவோ மையத்தின் பணத்தைச் செலவிடக் கூடாது. ஆய்வே கூடாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்த ஆண்டே மையத்தின் நிதியிலிருந்து 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. துப்பாக்கிக் காய ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான தொகையும் அதேதான். சொல்ல வேண்டியதைக் கணக்குப் புத்தகம் சொல்லிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குமேல் அந்தத் துறையில் புதிதாக அதிகம் பேர் நுழையாததில் ஆச்சரியமில்லை. முழுநேரமாக இதில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். வின்டெமியூட் தன் சொந்தப் பணம் பத்து லட்சம் டாலருக்குமேல் போட்டு ஆய்வைத் தொடர்ந்தார். ஜே டிக்கியே 2012-இல் மனம் மாறி, ஆய்வு நடக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். கூட்டாட்சிப் பணம் மீண்டும் வந்தது 2020 நிதியாண்டில்தான்: இரண்டரைக் கோடி டாலர், இரண்டு அமைப்புகளுக்குப் பகிர்ந்து.

ஒரு தலைமுறை ஆய்வாளர்களைப் பட்டினி போட்டு விரட்டிய துறையில், 'அனுபவசாலிகளிடம் விடு' என்பதற்கு என்ன பொருள்? விடுவதற்கு அங்கே ஆள் இல்லை. இன்று முதுநிலை படிக்கிற பிள்ளைகள்தான் நாளைய அனுபவசாலிகள்.

மூன்றில் சட்டக்காரர்களின் வாதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீதிமன்றம் புள்ளிவிவரத்தைச் சீந்தாது என்று அவர்கள் சொல்வது ஓரளவு சரி. 2022-இல் வந்த புரூன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒரு துப்பாக்கிச் சட்டம் இன்று எவ்வளவு பயன் தருகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவின் ஆயுத ஒழுங்குமுறை மரபில் அதற்கு ஒப்பான சட்டம் இருந்ததா என்பதே கேள்வி. ஆக, ககாவாவின் இரண்டரை மடங்கு சட்டமன்றத்துக்குப் பயன்படும், நீதிமன்றத்தில் செல்லாது. இதோடு மாணவர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்புதான் மாணவர் வேலையை நடுவீட்டுக்குள் கொண்டுவந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒவ்வொரு காலனியும் மாநிலமும் ஊராட்சியும் போட்ட சட்டங்களைத் தேடிப் படித்து, எது எதற்கு ஒப்பு என்று எடுத்து வைக்க வேண்டும். நீதிபதிகளுக்கு அதற்கு நேரமில்லை, வழக்கறிஞர்களுக்குக் கட்டணக் கணக்கு உண்டு. நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டும் பொறுமையும் காலமும் யாருக்கு இருக்கிறது? அமெரிக்காவில் சட்ட இதழ்களைப் பெரும்பாலும் நடத்துவதே மாணவர்கள்தான் என்பதையும் இங்கே நினைவுபடுத்தலாம்.

அப்படிப் புரட்டினால் கிடைப்பதில் கணிசமானது குடி சம்பந்தப்பட்டது. 1655-இல் வர்ஜீனியா காலனி, குடிக்கூட்டங்களில் துப்பாக்கி சுடக் கூடாது என்று சட்டம் போட்டது. திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு. மீறினால் நூறு பவுண்டு புகையிலை தண்டம். 1771-இல் நியூயார்க், புத்தாண்டை ஒட்டிய நாட்களில் குடிபோதையில் வீடு வீடாகப் போய்ச் சுடுவதைத் தடுத்தது. 1867-இல் கன்சஸ், போதையில் இருப்பவர் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதைக் குற்றமாக்கியது. 1883-இல் விஸ்கான்சினும் மிசௌரியும் அப்படியே. துப்பாக்கியும் குடியும் தனித்தனித் துறை என்று இன்று நாம் நினைக்கிறோம். அந்தக் காலத்துச் சட்டமன்றங்கள் அப்படி நினைக்கவில்லை.

இதில் வர்ஜீனியாச் சட்டத்தின் முகவுரையைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குடிகாரன் யாரையாவது சுட்டுவிடுவான் என்ற கவலை அதில் முதன்மையாக இல்லை. செவ்விந்தியர்கள் தாக்க வந்தால் வேட்டுச் சத்தம்தான் அபாய அறிவிப்பு, குடித்துவிட்டு இவர்கள் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தால் எது அபாயம், எது கூத்து என்று தெரியாது, வெடிமருந்தும் வீண். இதுதான் அதன் வாதம். புரூன் தீர்ப்பு பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் ஒப்பிடும்போது, எப்படிக் கட்டுப்படுத்தியது என்பதோடு எதற்காகக் கட்டுப்படுத்தியது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு 'குடிக்கும் துப்பாக்கிக்குமான தடை 1655-லேயே இருந்தது' என்று எழுதும் வழக்கறிஞர் தோற்பார். முகவுரை வரை படித்த மாணவர் அவரைக் காப்பாற்றலாம். பயிற்சி என்று இளக்காரமாகச் சொல்கிறார்களே, அந்தப் பயிற்சி இதுதான்.

2023-இல் ஐந்தாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கஞ்சா பயன்படுத்தியவர் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் இந்தப் பழைய குடிச் சட்டங்களை எடுத்துக்கொண்டது. அவை போதையில் இருக்கும் நேரத்தில் ஆயுதம் ஏந்துவதைத்தான் தடுத்தன, தெளிந்த பிறகு அவன் துப்பாக்கியை யாரும் பறிக்கவில்லை என்று சொல்லி, அவருக்கு எதிரான தண்டனையை ரத்து செய்தது. பின்னர் உச்ச நீதிமன்றம், இதே வகையைச் சேர்ந்த ஹெமானி வழக்கை 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. போதைப்பொருள் தடையைக் காப்பாற்ற அரசுத் தரப்பு கையில் எடுத்த முக்கிய வரலாற்று ஆதாரம் என்ன தெரியுமா? தீராக் குடிகாரர்களைக் குறித்த பழைய சட்டங்கள். அவர்களை வேலைக்கூடத்தில் அடைக்கலாம், காப்பாளர் பொறுப்பில் விடலாம், நன்னடத்தைப் பிணை கேட்கலாம் என்ற சட்டங்கள்.

கூட்டாட்சிச் சட்டம் குடிகாரனுக்கு விலக்கு அளிக்கிறது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றக் கூட்டாட்சி அரசு குடிகாரனையே சாட்சிக்கு அழைக்கிறது. குடிகாரனின் ஆபத்தை முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பதால் கஞ்சாக்காரனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாமாம். ஆனால் குடிகாரனிடம் அது இருக்கட்டுமாம். இந்தக் கோணலை எந்தக் கட்சி மேடையிலும் நான் கேட்டதில்லை. 1970-ஆம் ஆண்டின் வரையறையையும் பழைய குடிச் சட்டங்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால்தான் இது கண்ணில் படும். இரண்டையும் விரித்து வைக்கச் சொல்வதுதான் நாம் பேசுகிற ஆய்வுத் தலைப்பு.

இவ்வளவு சொன்ன பிறகு எதிராளிக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். மாணவர் ஆய்வேடுகளில் குப்பை இல்லையா? நிறைய இருக்கிறது. வழக்கமான குப்பை இப்படி இருக்கும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சீகல் தொகுத்த மாநிலத் துப்பாக்கிச் சட்டத் தரவுத்தளம் 1991 முதல் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட சட்டக் கூறுகளை ஆண்டுவாரியாகப் பதிவு செய்தது. அருமையான வேலை. அதை இறக்கிக்கொண்டு, எத்தனை சட்டம் இருக்கிறது என்று மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்டு, சாவு எண்ணிக்கையோடு ஒரு கோடு வரைந்து, சட்டம் கூடினால் சாவு குறைகிறது என்று முடித்துவிடுவார்கள். குடி தொடர்பான தடை உண்டா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று ஒரு குறி, அதோடு சரி.

அந்த 'ஆம்' எதை மறைக்கிறது என்று பாருங்கள். பென்சில்வேனியாவில் ஐந்தாண்டுகளுக்குள் மூன்று தனித்தனித் தடவை குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவருக்குத் தடை உண்டு. பிரிவைக் கடைசி வரை படித்தால், மூன்றாவது தண்டனைக்குப் பிறகு புதிதாக வாங்குவதற்கும் கைமாற்றிப் பெறுவதற்கும் மட்டும்தான் அந்தத் தடை என்று இருக்கும். ஏற்கெனவே வீட்டில் ஆறு துப்பாக்கி இருந்தால் ஆறும் அங்கேயே இருக்கலாம். மேரிலாந்தில் 'தீராக் குடிகாரர்' துப்பாக்கியை வைத்திருக்கவே கூடாது. கேட்கக் கடுமையாக இருக்கிறது. வரையறையைப் பார்த்தால், மூன்று முறை தண்டனை பெற்றிருக்க வேண்டும், அதில் ஒன்று கடந்த ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். ஓராண்டு பிடிபடாமல் இருந்தால் வரையறையிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஒரு மாநிலம் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கிறது, இன்னொன்று எல்லாவற்றையும் பிடித்துவிட்டுச் சீக்கிரம் விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் 'ஆம்' என்று ஒரே குறி போட்டுக் கோடு வரைந்தால் அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? இதற்குமேல், முதல் முறை பிடிபட்டவரைத் தண்டிக்காமல் திருத்தத் திட்டத்தில் சேர்த்து அனுப்பும் வழக்கம் பென்சில்வேனியாவில் உண்டு. ஆக 'மூன்று முறை' என்பது நடைமுறையில் எத்தனை முறை பிடிபட்டவர் என்று நீதிமன்றப் பதிவேட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, மோசமான மாணவர் ஆய்வுக்கு மாற்று நல்ல மாணவர் ஆய்வுதான். ஆய்வே வேண்டாம் என்பது மாற்று ஆகாது. மேலே சொன்ன பிழையைக் கண்டுபிடிக்கவும் யாரோ ஒருவர் அந்தப் பிரிவைக் கடைசி வரை படித்தாக வேண்டும்.

இன்னும் ஓரிரு வாதங்கள் மிச்சம். அமெரிக்கர்கள் ஒன்றை மிகுந்த பெருமையோடு சொல்வார்கள்: மதுவிலக்கைப் பார்த்துவிட்டோம், 1920-இல் கொண்டுவந்து 1933-இல் கைவிட்டோம், மனிதனின் பழக்கத்தைச் சட்டத்தால் மாற்ற முடியாது. யாரும் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு பொருட்கள் ஒரே கையில் சேர்வதைப் பற்றித்தான் பேச்சு. அதை அந்த நாடு ஒருமுறை செய்துகாட்டியும் இருக்கிறது. 1980-இல் கலிபோர்னியாவில் கேன்டி லைட்னர், மகளைக் குடிகார ஓட்டுநரிடம் பறிகொடுத்த தாய், ஓர் இயக்கம் தொடங்கினார். 1982-இல் குடித்த ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தவர்கள் 21 ஆயிரத்துக்கு மேல். 1984-இல் குடிக்கும் வயது 21 ஆனது, ஒப்பாத மாநிலங்களுக்குச் சாலை நிதி வெட்டு. இரத்தத்தில் 0.08 என்ற வரம்பு நாடு முழுக்க வந்தது. யூட்டா அதை 0.05 ஆக்கியது. 2019-இல் சாவு எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாயிரம். மதுக்கடையும் மூடவில்லை, காரையும் பறிமுதல் செய்யவில்லை. (பதினெட்டு வயதுப் பையன் பீர் வாங்க இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் கூட்டாட்சிச் சட்டப்படி கடையில் நீளத் துப்பாக்கி வாங்கலாம் என்பது தனிக்கதை.)

ஆயுதம் வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் வரம்பு தெரியும், அவர்களை நம்புங்கள் என்றும் சொல்வார்கள். டென்னசி மாநிலத்தில் மதுக்கூடங்களுக்குள் உரிமத்தோடு துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற சட்டத்தை 2009-இல் முன்னின்று நிறைவேற்றியவர் சட்டமன்ற உறுப்பினர் கரி டாட். குடிக்காமல் இருக்கும்வரைதான் அனுமதி என்பது சட்டத்தின் நிபந்தனை. பொறுப்புள்ள உரிமதாரர்கள் அதைக் கடைப்பிடிப்பார்கள் என்பதே ஆதரவாளர்களின் வாதம். ஆளுநர் தடுத்தும் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 2011 அக்டோபரில் நாஷ்வில்லில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. குடித்துவிட்டு ஓட்டியது, போதையில் கைத்துப்பாக்கி வைத்திருந்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. குண்டு நிரப்பிய .38 உள்ளே இருந்தது. ஓட்டியவர் கரி டாட்.

போதையில் இருக்கும் நேரத்தில் மட்டும் தடுக்கும் சட்டத்தின் எல்லை எது என்பதற்கு ஓஹாயோவில் ஒரு வழக்கு இருக்கிறது. கணவர் குடித்திருக்கிறார், கையில் துப்பாக்கி இருக்கிறது என்று ஒரு மனைவி அதிகாலையில் போலீஸை அழைத்தார். அவர்கள் வந்தபோது அவர் கையில் குண்டு நிரப்பாத ஷாட்கன் இருந்தது. போதையில் துப்பாக்கி வைத்திருந்தார் என்ற தண்டனையை அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் வேலை செய்ய, முதலில் அவர் குடிக்க வேண்டும், துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும், மனைவிக்குத் தொலைபேசி எட்ட வேண்டும், குண்டு நிரப்புவதற்குள் போலீஸ் வந்துசேர வேண்டும்.

அதற்கு முந்தைய கட்டத்திலேயே தடுக்க ஒரு யோசனை 2013-லிருந்து மேசைமேல் கிடக்கிறது. ஆபத்தை அடிப்படையாகக் கொண்ட துப்பாக்கிக் கொள்கைக்கான ஆய்வாளர் கூட்டமைப்பு முன்வைத்தது: ஐந்தாண்டுக்குள் இரண்டு முறை குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றால், குறைந்தது ஐந்தாண்டுக்குத் துப்பாக்கி கிடையாது. ஏன் இரண்டு, ஏன் பென்சில்வேனியாவைப் போல மூன்று அல்ல? ஏன் ஐந்தாண்டு, ஏன் பத்து அல்ல? முதல் தண்டனைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஆபத்து எவ்வளவு கூடுகிறது, ஒருவர் குடியை விட்ட எத்தனை ஆண்டில் அது இறங்குகிறது? கலிபோர்னியாவின் விற்பனைப் பதிவேட்டையும் அதன் நீதிமன்றப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆண்டுவாரியாக எண்ணினால் விடை வரும் கேள்விகள் இவை. ஒரு முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.